இப்படிக்கு, நூலக நிர்வாகம்

அந்த நூலகத்தில் அவளுக்குக் கறுப்புத்திரை என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் தலை மறைந்ததும் எல்லோரும் சொல்வார்கள். இது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். முதலில் அந்தப் பெயரை வைத்தவர் நூலகர்தான் என்று ஒரு பேச்சு உண்டு. கேட்டால் இல்லவே இல்லை என்று சாதிப்பார். ஆனால் சிரித்துக்கொண்டே சாதிப்பார்.

காரணமில்லாமல் வைத்த பெயரில்லை. நூலகத்துக்கு இவள் பொறுப்பில் ஒரு இணையதளம் இருக்கிறது. எந்தப் புத்தகம் உள்ளே இருக்கிறது, எது வெளியே போயிருக்கிறது, யார் எப்போது திருப்ப வேண்டும் எல்லாம் அதில்தான். மற்றவர்கள் அந்தத் தளத்தை வண்ணப் பக்கங்களாகத் திறந்து, பொத்தானை அழுத்தி, வேலையை முடித்துக்கொண்டு போவார்கள். இவள் மட்டும் பின்வாசல் வழியாகத்தான் போவாள். தளத்தை எந்த பிரேம்வொர்க்கில், அதாவது எந்த ஆயத்த மென்பொருள் சட்டகத்தில், கட்டினார்களோ, அதோடு கூடவே கட்டளை வாங்கிக்கொண்டு வேலை செய்யும் ஒரு கருவியும் வந்திருந்தது. ஒரு கறுப்புத் திரை, அதில் சிமிட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான் அதன் அழகு. 'மேனேஜ்' என்று ஆரம்பித்து என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் தட்டினால் செய்து முடிக்கும். புதிதாக வேலைக்கு வந்தவருக்குக் கணக்கு திறக்கும், கடவுச்சொல்லை மறந்தவருக்குப் புதிது வைக்கும், மொத்த விவரங்களையும் பத்திரமாகப் பிரதி எடுத்து வைக்கும். கருவியோடு வந்த கட்டளைகள் போதாதென்று அவளே சிலவற்றை எழுதிச் சேர்த்திருந்தாள். பெற்ற பிள்ளைகளைச் சொல்வதுபோல் அவற்றை வரிசையாகச் சொல்வாள்.

நூலகர் பொத்தான் பிரியர். "ஒரு பொத்தான் வச்சுக் குடுத்துட்டீங்கன்னா நாங்களே அழுத்திக்குவோமே" என்று மாதம் தவறாமல் கேட்பார். "வச்சா அழுத்திடுவீங்க சார், அதனாலதான் வைக்கல" என்று அவளும் மாதம் தவறாமல் பதில் சொல்வாள்.

எடுத்தோம் கவிழ்த்தோம் என்ற பேச்சே அவளிடம் கிடையாது. அவள் எழுதிய ஒவ்வொரு கட்டளைக்கும் 'டிரை ரன்' என்று ஒரு ஒத்திகை உண்டு. அதைச் சேர்த்துத் தட்டினால் கருவி எதையும் செய்யாது. செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லும். அதைப் படித்துத் திருப்தியான பிறகுதான் நிஜமாகச் செய்யச் சொல்வாள். அப்போதும் திரை கேட்கும்: 'இத்தனை பேரைப் பாதிக்கும். உறுதியா? ஆம் என்று முழுதாகத் தட்டவும்.' கவனமில்லாத ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிடுவார்கள் என்று அவள்தான் இந்தக் கேள்வியை எழுதி வைத்தாள். கவனமில்லாத ஆட்கள் என்றால் அவளைத் தவிர மற்றவர்கள்.

வீட்டிலும் இதே கதைதான். சோபா வாங்கலாம் என்று பேச்செடுத்தபோது, கூடத்தில் சாக்பீஸால் சோபாவின் அளவுக்குக் கோடு போட்டு, ஒரு வாரம் யாரும் அந்தக் கோட்டை மிதிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டாள். பாவம், அவள் வீட்டுக்காரர் இல்லாத சோபாவைச் சுற்றிக்கொண்டு ஒரு வாரம் நடந்தார். அவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊர்க் கண்ணையெல்லாம் சரி செய்கிறவருக்கு வாய் சும்மா இருக்காது. "நீ ஒரு வரி தட்டி மேனேஜ் பண்ற. நான் ஒரு வார்த்தை பேசாம உன்னை மேனேஜ் பண்றேன். எது கஷ்டம்னு நீயே சொல்லு" என்பார்.

இப்படிப்பட்டவளுக்கு, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் ஒரு தங்கச்சி. இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். தங்கச்சிக்கு எதையும் உடனே செய்துவிட வேண்டும். ஹாரனை அடித்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவாள். சிரித்தால் தெருமுனை வரை கேட்கும், கோபம் வந்தால் அதற்கு அடுத்த தெருவுக்கும் கேட்கும். அவள் நூலகத்திலிருந்து ஒரு தொட்டிச்செடிப் புத்தகத்தை எடுத்துப் போனாள். போனவள் போனவள்தான். புத்தகம் திரும்பி வரவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை கறுப்புத்திரை ஒரு கட்டளையை ஓட்டுவாள். ஓராண்டுக்கு மேல் புத்தகத்தைத் திருப்பாதவர்களின் கணக்கை மொத்தமாக முடக்கும் கட்டளை அது. அந்த வருஷமும் ஒத்திகை பார்த்தாள். முடங்கப்போகிறவர்களின் பெயர்கள் திரையில் வரிசையாக வந்தன. நடுவில் தங்கச்சி பெயர்.

அந்தக் கட்டளைக்கு 'இவரைத் தவிர' என்று ஒரு வசதியும் உண்டு. ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள், வெளியூரில் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் விட்டுவிடலாம் என்று அவளே எழுதி வைத்தது. ஒரு உறுப்பினர் எண்ணைச் சேர்த்தால் போதும், தங்கச்சி தப்பியிருப்பாள். அதுகூட வேண்டாம், போனை எடுத்து, "அடியே, அந்தப் புத்தகத்தைக் கொண்டு வந்து போடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கறுப்புத்திரை கொஞ்ச நேரம் யோசித்தாள். சொந்தக்காரி என்பதற்காக விட்டோம் என்று நாளைக்கு ஒருத்தர் ஒரு சொல் சொல்லிவிட்டால்? 'ஆம்' என்று தட்டினாள்.

அன்று மாலை வீட்டுக்காரர் கேட்டார். "ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே?"

"மத்தவங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேனா?"

"மத்தவங்க உன் கூடப் பிறந்தவங்களா?"

அவள் சாக்பீஸ் கோட்டை, மன்னிக்கவும், அதற்குள் நிஜ சோபா வந்துவிட்டது, அந்த சோபாவைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அடுத்த வாரமே வினை வந்து சேர்ந்தது. தங்கச்சி தன்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்தாள். "எங்க அக்காதான் இங்க எல்லாமே" என்று வழியெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு புத்தகத்தை எடுத்துக் கவுண்டரில் நீட்டினாள். கவுண்டர்ப் பெண் அட்டையை வைத்துப் பார்த்தாள், திரை சிவப்பாகக் காட்டியது. "உங்க கணக்கு முடக்கியிருக்குங்க. புத்தகம் குடுக்க முடியாது." மூன்று பெண்களும் மூன்று பக்கம் பார்த்தார்கள். தங்கச்சி நிமிர்ந்து, பின்னறையின் கண்ணாடிச் சுவர் வழியாக அக்காவைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். பார்த்துவிட்டு, எழுந்து வராமல் மறுபடி திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றோடு பேச்சு நின்றது. தங்கச்சி அழைக்கவில்லை, இவளும் அழைக்கவில்லை. சின்னவள்தானே முதலில் பேச வேண்டும் என்று இவள் இருந்தாள். தப்புச் செய்தவள்தானே முதலில் பேச வேண்டும் என்று அவள் இருந்தாள். மழை வந்து போனது, வெயில் வந்து போனது, இரண்டு பேரும் பிடித்த பிடியை விடவில்லை.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. தங்கச்சியின் வீட்டுக்காரர் கண்ணாடிக்குத் திருகாணி மாட்டக் கடைக்கு வந்தவர், போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாராம். அவருக்கு மாற்றல். நெடுந்தொலைவு. பயிற்சிப் பள்ளியைக் கைமாற்றிக் கொடுத்தாயிற்று. சனிக்கிழமை காலை லாரி வருகிறது.

"சனிக்கிழமைன்னா இந்தச் சனிக்கிழமையா?" என்று கறுப்புத்திரை கேட்டாள்.

"ஒத்திகைச் சனிக்கிழமைன்னு தனியா ஒண்ணு இல்லையே" என்றார் வீட்டுக்காரர். சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்து, இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தார்.

போகாமல் விட்டுவிட்டால் இந்த மௌனம் அப்படியே உறைந்துபோகும், பிறகு எந்தக் காலத்திலும் உடையாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் போனைக் கையில் எடுப்பாள், வைப்பாள். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்காமல் அவளால் ஒரு 'ஹலோ'கூடச் சொல்ல முடியாது.

புதன்கிழமை நூலகர் அவளைக் கூப்பிட்டார். புத்தகத்தைத் திருப்பச் சொல்லி உறுப்பினர்களின் போனுக்குப் போகும் நினைவூட்டலைப் பற்றிப் புகார் வந்திருந்தது. 'இறுதி அறிவிப்பு. உடனடியாகத் திருப்பத் தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.' அதுதான் வாசகம். எழுதியவள் இவள்தான்.

"படிச்சா பின்னாடியே போலீஸ் வண்டி வரும் போல இருக்குமா. கொஞ்சம் அன்பா எழுதுங்களேன்" என்றார் நூலகர்.

"அன்பான்னா எப்படி சார்?"

"நம்ம வீட்டு ஆளைக் கூப்பிடுற மாதிரி" என்றார் நூலகர்.

அவள் வந்து உட்கார்ந்தாள். திரையில் எப்போதும் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் திறந்திருக்கும். இடப்பக்கம் பயிற்சி, வலப்பக்கம் நிஜம். பயிற்சியில் இருப்பவர்கள் மூன்றே மூன்று பொய் உறுப்பினர்கள். மூவருக்கும் தன் வீட்டுக்காரரின் போன் எண்ணையே கொடுத்து வைத்திருந்தாள். ஆகவே அவள் எதைச் சோதித்தாலும் கண்ணாடிக் கடையில் மூன்று முறை மணி அடிக்கும். அவரும் பழகிவிட்டார். அன்று வெயில் ஜன்னல் வழியாக வந்து திரையின் இடப்பக்கத்தில் சாய்ந்து கண்ணைக் கூசச் செய்தது. பயிற்சி ஜன்னலை இழுத்து வலப்பக்கம் போட்டாள். நிஜம் இடப்பக்கத்துக்குப் போனது.

நம்ம வீட்டு ஆள். அன்பு. 'அன்புள்ள உறுப்பினரே' என்று ஒன்று எழுதினாள். கல்யாணப் பத்திரிகை போல் இருந்தது. 'தயவுகூர்ந்து' என்று ஒன்று எழுதினாள்; மனு போல் இருந்தது. கைகள் நின்றன. நம்ம வீட்டு ஆள் என்றதும் அவள் மனதில் வந்து நின்ற ஆள் ஒருத்திதான். பொய் உறுப்பினர்களுக்குத்தானே போகப்போகிறது, எதை எழுதினால் என்ன என்று, வாயில் வராமல் அடைத்துக்கிடந்ததை அப்படியே கட்டளையோடு சேர்த்துத் தட்டினாள்:

'எத்தனை நாளைக்குத்தான் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு இருப்பே? தப்பு என்னுதுதான், போதுமா? புத்தகம் கொண்டு வராட்டியும் பரவாயில்ல. நீ வாடி.'

திரை உறுதியா என்று கேட்டது. பழக்கதோஷம், படிக்காமலேயே 'ஆம்' என்று தட்டினாள்.

இடது ஜன்னலில் தட்டியிருந்தாள். வழக்கமாகப் பயிற்சி இருக்கும் இடம்.

மூன்று வரி வர வேண்டும். மூன்று வந்தது, முப்பது வந்தது, பெயர்கள் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் மேலே ஓடின. நிறுத்தும் விசைகளைப் பாய்ந்து அழுத்தினாள். அதற்குள் கடைசிப் பெயர் வரை போய்விட்டிருந்தது. வாசிப்பறையில் ஒரு போன் கிணுகிணுத்தது. பிறகு இன்னொன்று. பிறகு மேஜைக்கு மேஜை, அலமாரிக்கு அலமாரி, தவளைகள் கத்த ஆரம்பித்ததுபோல் கிணுகிணுப்பு. 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவரின் போன்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாக அடித்தது.

கறுப்புத்திரை எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். அவள் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"வழக்கமா மூணு வரும். இன்னிக்கு ஒண்ணுதான் வந்திருக்கு. உடம்பு சரியில்லையா?" என்றார். அவரும் நூலக உறுப்பினர்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "வாடின்னு இருக்கிறதால எனக்கில்லன்னு புரிஞ்சுது. பக்கத்துக் கடைக்காரருக்கும் வந்திருக்கு. அவருக்குத்தான் புரியல" என்றார்.

அவள் போனை வைத்து நிமிர்ந்தபோது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்தார். தினமும் காலையில் வந்து எல்லாச் செய்தித்தாளையும் முதலில் படிப்பவர். தன் போனைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்திருந்தார்.

"அம்மா, எனக்கு எழுபத்தஞ்சு வயசு. என்னைப் பெத்தவகூட என்னை வாடின்னு கூப்பிட்டதில்ல" என்றார். "கீழே 'இப்படிக்கு, நூலக நிர்வாகம்'னு வேற போட்டிருக்கு."

அதுவும் அவள் வேலைதான். எந்தச் செய்தி போனாலும் கடைசியில் அந்தக் கையெழுத்து தானாகச் சேர்ந்துகொள்ளும்.

நூலகர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தன் போனில் வந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "அன்பா எழுதச் சொன்னேன், ஒத்துக்கிறேன். இவ்வளவு அன்பை நான் எதிர்பார்க்கலம்மா" என்றார். தவறுதலாகப் போய்விட்டது என்று உடனே ஒரு மன்னிப்புச் செய்தி அனுப்பிவிடுகிறேன் என்று அவள் எழுந்தபோது, கவுண்டரைக் கைகாட்டினார். "கொஞ்சம் பொறுங்க."

கவுண்டரில் வரிசை நின்றுகொண்டிருந்தது. பல மாதமாகத் தலைகாட்டாத பல் டாக்டர் ஒரு பை நிறையப் புத்தகங்களோடு வந்து, "தப்பு என்னுதுங்க, நிர்வாகத்தோடது இல்ல" என்று தலையைச் சொறிந்தார். அவர் மனைவி பின்னாலேயே வந்து, "யாருங்க அந்த வாடி?" என்று கவுண்டர்ப் பெண்ணிடம் விசாரித்தார். இறுதி அறிவிப்புக்கு அசையாத புத்தகங்களெல்லாம் வியாழனும் வெள்ளியும் மளமளவென்று திரும்பி வந்தன. நூலகர் வாயெல்லாம் பல். "இதையே வச்சுக்கலாமாம்மா? வாடியை மட்டும் எடுத்துட்டு?"

ஒரு பெண் மட்டும் புத்தகம் எதுவும் கொண்டு வரவில்லை. நேரே பின்னறைக்கு வந்தாள். "இது எங்க அக்கா சொல்லி நீங்க அனுப்பினதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. எல்லாருக்கும் போயிருக்கு."

"அப்படியா" என்றாள் அந்தப் பெண். அவள் முகம் வாடிப்போனதைப் பார்த்த கறுப்புத்திரைக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

ஆனால் இந்தக் களேபரத்துக்கு நடுவிலும் அவள் மனதில் ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. எப்படியோ சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. ஒத்திகை இல்லாமல், ஊரறிய, ஆனால் சொல்லியாகிவிட்டது. தங்கச்சியும் உறுப்பினர்தானே. படித்திருப்பாள். படித்தால் யார் பேசுவது என்று அவளுக்குத் தெரியாதா? மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து இதே வார்த்தைகளைத்தானே கேட்டு வளர்ந்தாள். இப்போது கூப்பிடுவாள், இதோ கூப்பிடுவாள் என்று போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். வியாழன் போயிற்று. வெள்ளி மத்தியானமும் போயிற்று. போனில் யார் யாரோ வந்தார்கள், தங்கச்சி வரவில்லை. கல்நெஞ்சக்காரி, இதைப் படித்தும் பேசாமல் இருக்கிறாளே என்று இவளுக்கு மறுபடி கோபம்கூட வந்தது.

அந்தக் கோபத்தோடுதான் வெள்ளி சாயங்காலம், செய்தி யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கருவியிடம் கேட்டாள். தங்கச்சி எத்தனை மணிக்குப் படித்தாள் என்று தெரிந்துகொண்டே தீர வேண்டும். தேடினாள். தங்கச்சி பெயர் இல்லை. எழுத்தை மாற்றித் தேடினாள், எண்ணை வைத்துத் தேடினாள். இல்லை. பிறகுதான் மண்டையில் உறைத்தது. 'முடக்கப்பட்டவர்களுக்கு எதுவும் அனுப்பாதே.' அந்த வரியை எழுதியவளும் அவள்தான்.

பல் டாக்டருக்குப் போனது, தலைமையாசிரியருக்குப் போனது, கண்ணாடிக் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரருக்குப் போனது. யாருக்காக எழுதினாளோ அந்த ஒருத்தியைத் தவிர ஊருக்கே போயிருந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தாள். முதல் விதத்தில் அதிகாரம் தெரிந்தது. இரண்டாவதில் அழுகை தெரிந்தது. மூன்றாவதைப் பாதி சொல்லும்போதே நிறுத்தம் வந்துவிட்டது.

கதவைத் திறந்தவர் தங்கச்சியின் வீட்டுக்காரர். "வாங்க அண்ணி" என்றவர், உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்கு மாடியில பெட்டிக்கெல்லாம் டேப் ஒட்ட வேண்டியிருக்கு" என்று நைசாக நழுவினார். அறை முழுக்க அட்டைப்பெட்டிகள். சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்களில் வெள்ளைச் சதுரங்கள். தங்கச்சி தரையில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளர்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"எதுக்கு வந்த?"

பஸ்ஸில் பார்த்த மூன்று ஒத்திகையும் காற்றில் போயின. "நாளைக்குப் போறேன்னு கேள்விப்பட்டேன்" என்றாள் கறுப்புத்திரை.

"ஊருக்கே தெரியும்." ஒரு டம்ளரைச் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். எடுத்ததைச் சுற்றவில்லை. "ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் வாடின்னு கூப்பிட்டிருக்க. பல் டாக்டரைக் கூப்பிட்டிருக்க, ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டிருக்க. என்னைக் கூப்பிடலையேக்கா?"

கறுப்புத்திரை ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"என்கிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட பொண்ணு காட்டினா" என்றாள் தங்கச்சி. "சிக்னல்ல நிக்கும்போது. படிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு இது எனக்குன்னு. என் போனை எடுத்துப் பார்த்தேன், ஒண்ணுமில்ல. நெட்வொர்க் சரியில்லையோன்னு வீட்டுக்கு வந்து மொட்டைமாடியில போய் நின்னேன். ரெண்டு நாளா மாடிக்கும் கீழயுமா ஏறி இறங்கிட்டு இருக்கேன். அவர் கேக்கிறார், மாடியில இன்னும் என்ன சாமான் இருக்குன்னு."

கறுப்புத்திரை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே இரண்டு நாள் அவள் போனைத் தூக்கிக்கொண்டு மாடியில் நின்றிருக்கிறாள்.

"முடக்கினவங்களுக்குப் போகாது. நான்தான் அப்படி எழுதி வச்சேன்."

"நல்லாத்தான் எழுதி வச்சிருக்க." தங்கச்சி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "கார்டு போனா போகுதுன்னு விட்டிருப்பேன்கா. அன்னிக்குக் கண்ணாடி வழியா என்னைப் பார்த்த இல்ல? பார்த்துட்டுத் திரும்பி உக்காந்த இல்ல?"

"ஆமா."

"எதுக்கு?"

"எழுந்து வந்தா உனக்குத் திறந்து விட்டுடுவேன்னு பயம்."

"இது ஒரு பதிலா?" என்றாள் தங்கச்சி. ஆனால் குரலில் பழைய சூடு இல்லை.

"தப்பு என்னுதுதான்" என்றாள் கறுப்புத்திரை. வாயைத் திறந்து சொல்ல அது அவ்வளவு ஒன்றும் கஷ்டமாக இல்லை என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தங்கச்சி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "லேப்டாப் கொண்டு வந்திருக்கியா?"

"எங்க போனாலும் கொண்டு போவேன்."

"திற. இப்பவே என் கணக்கைத் திற."

மடியில் வைத்துத் திறந்தாள். கறுப்புத் திரை வந்தது, கோடு சிமிட்டியது. "முதல்ல ஒரு டிரை ரன் பாத்துட்டு…"

"அக்கா!"

"சரி சரி."

கட்டளையைத் தட்டினாள். திரை உறுதியா என்று கேட்டது. லேப்டாப்பைத் தங்கச்சி பக்கம் திருப்பி, "நீயே தட்டு" என்றாள். ஊர்ப்பட்ட பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள், ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி 'ஆம்' என்று தட்டி முடித்தாள்.

"இப்ப அனுப்பு. எனக்கு மட்டும். ஒரு எழுத்து மாறக்கூடாது."

அனுப்பினாள். முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சியின் கையில் போன் கிணுகிணுத்தது. ஊரே படித்து முடித்துவிட்டதை, இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் மெதுவாகப் படித்தாள். 'இப்படிக்கு, நூலக நிர்வாகம்' என்ற இடத்துக்கு வந்ததும் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. கறுப்புத்திரைக்கும்தான். மாடியில் டேப் ஒட்டும் சத்தம் நின்றது; என்ன ஏது என்று புரியாமல் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கறுப்புத்திரை கேட்டாள். பிறவிக் குணம், கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்தப் புத்தகம் எங்கடி?"

தங்கச்சி ஜன்னலோரம் கைகாட்டினாள். ஒரு பூந்தொட்டி. அதற்கு அடியில், தண்ணீர் இறங்கிப் பருத்துப்போய், மண்கறையோடு தொட்டிச்செடிப் புத்தகம்.

"அதைக் குடு, நான் கொண்டு போய்…"

"எதுக்கு? புத்தகம் கொண்டு வராட்டியும் பரவாயில்லன்னு நிர்வாகமே எழுதிக் குடுத்திருக்கு." போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். "ரெண்டு நாள் காத்திருந்து வாங்கினது. மாத்திப் பேசாத."

மறுநாள் லாரியில் பெட்டிகளோடு தொட்டியும் போயிற்று. தொட்டிக்கு அடியில் புத்தகமும் போயிற்று. கறுப்புத்திரை தெருவில் நின்று கையசைத்தாள்.

இப்போது வாரத்துக்கு இரண்டு தரமாவது போனில் பேச்சு, அதில் ஒரு தரமாவது சண்டை. நூலகருக்குப் பொத்தான் இன்னும் கிடைக்கவில்லை. நினைவூட்டல் வாசகம் மட்டும் மாறியிருக்கிறது: 'புத்தகத்தோடு வாருங்கள். புத்தகம் இல்லாவிட்டாலும் வாருங்கள்.' தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு, மரியாதை வந்துவிட்டது, ஆனால் பழையதில் இருந்த உரிமை இல்லை என்று குறைபட்டுக்கொண்டார்.

வருஷம் திரும்பியது. முடக்கும் கட்டளையை ஓட்ட வேண்டிய நாள் வந்தது. வழக்கம்போல் ஒத்திகை பார்த்தாள். பெயர்கள் வந்தன, நடுவில் தங்கச்சி பெயர். கறுப்புத்திரை 'இவரைத் தவிர' என்பதற்கு எதிரே தங்கச்சியின் எண்ணைத் தட்டினாள். திரை உறுதியா என்று கேட்டது. கேள்வியை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தாள். பிறகு 'ஆம்' என்று தட்டினாள்.